12 மணி நேரம், ஒரு மேசை, மூன்று ஆண்கள்

"அவன்தான் பண்ணியிருக்கான்" என்றேன்.

"இல்லடா. அந்த மனுஷன் பண்ணல" என்றாள் அக்கா.

திரையில் இன்னும் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அன்று இரவு சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினோம். மறுநாள் காலை அவள் ஊருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று பேசினோம். வருடங்கள் ஓடிவிட்டன, எங்கள் பேச்சு மட்டும் முடியவில்லை. ஒரு டிவி எபிசோடைப் பற்றி இவ்வளவு நாள் பேச என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அவர்களையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டிவிடுவேன். முடிந்ததும் அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள்.

'ஹோமிசைடு: லைஃப் ஆன் தி ஸ்ட்ரீட்' அமெரிக்காவின் என்பிசி சேனலில் 1993 முதல் 1999 வரை 7 சீசன்களாக வந்த போலீஸ் தொடர். பால்டிமோர் நகரத்தின் கொலை வழக்குப் பிரிவில் வேலை பார்க்கும் டிடெக்டிவ்களின் கதை. துரத்தல் இல்லை, துப்பாக்கிச் சண்டை அபூர்வம். ஃபைல், போன், காபி, அலுப்பு, மறுபடி போன். முதல் சீசனில் மொத்தமே 9 எபிசோடுகள். அவற்றில் ஒன்றுதான் 1993 மார்ச் 3 அன்று ஒளிபரப்பான 'த்ரீ மென் அண்ட் அடீனா'. எழுதியவர் டாம் ஃபோன்டானா. இதற்காக அவருக்கு எம்மி விருது கிடைத்தது. இயக்கியவர் மார்ட்டின் கேம்ப்பெல். பிற்பாடு 'கோல்டன்ஐ', 'கசினோ ராயல்' என்று இரண்டு ஜேம்ஸ் பாண்ட் படங்களை எடுத்தவர். உலகம் முழுக்கச் சுற்றும் படங்களை எடுக்கப்போகிற மனிதர் இங்கே கிட்டத்தட்ட ஒரே அறைக்குள் ஒரு மணி நேரத்தைக் கட்டி வைத்திருக்கிறார்.

கதை இவ்வளவுதான். அடீனா வாட்சன் என்ற 11 வயதுச் சிறுமி கொல்லப்பட்டிருக்கிறாள். தொடரின் முதல் எபிசோடு முடிகிற இடத்தில், மழையில், அவள் உடல் கிடக்கும். டிம் பேலிஸ் என்ற டிடெக்டிவ் அங்கே வந்து நிற்பான். மேயரின் பாதுகாப்புப் பணியில் இருந்துவிட்டு அப்போதுதான் கொலைப் பிரிவுக்கு வந்தவன். பொறுப்பேற்கிற முதல் வழக்கே ஒரு குழந்தையின் கொலை. அதற்குப் பிறகு வருகிற எபிசோடுகளில் அவன் சரியாகத் தூங்குவதில்லை. அவன் சந்தேகம் எல்லாம் ஒரே ஆள்மீது: ரிஸ்லி டக்கர். குதிரை வண்டியில் பழமும் காய்கறியும் தெருத்தெருவாக விற்கும் கிழவர். பால்டிமோரில் அப்படி விற்பவர்களை 'அராபர்' என்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் கறுப்பின ஆண்கள் செய்துவந்த தொழில். அடீனா அவரிடம் வேலை பார்த்திருக்கிறாள், குதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

டக்கரை ஏற்கெனவே விசாரித்தாகிவிட்டது. இது கடைசி வாய்ப்பு. கையில் இருப்பது 12 மணி நேரம். அதற்குள் அவர் வாயிலிருந்து ஒப்புதல் வர வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். பேலிஸோடு சேர்ந்து கேள்வி கேட்பது ஃபிராங்க் பெம்பிள்டன். அந்தப் பிரிவிலேயே பேச வைப்பதில் கெட்டிக்காரன்.

அந்த அறைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாக்ஸ்'. பெட்டி. ஒரு மேசை, சில நாற்காலிகள், ஒரு பக்கம் மட்டும் பார்க்க முடிகிற கண்ணாடி. கேமராவைக் கையில் பிடித்தே எடுத்திருக்கிறார்கள். அது ஓர் இடத்தில் நிற்காது. பேசுகிறவனைவிட்டுக் கேட்கிறவனிடம் போகும், முகத்தைவிட்டு விரல்களுக்கு இறங்கும். நடுநடுவே காட்சி வெட்டுப்பட்டுத் தாவும். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கடிகாரம் காட்டிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சட்டைக் காலரில் தெரிகிறது. டை தளர்ந்திருப்பதில் தெரிகிறது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த கிழவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து உட்காருவதில் தெரிகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இந்த எபிசோடைப் பற்றிப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். சொன்ன பிறகு பார்த்தாலும் ஒன்றும் குறையாது என்பது என் அனுபவம்.

கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். மிரட்டுகிறார்கள், தாஜா பண்ணுகிறார்கள், காதருகே வந்து ரகசியம்போலப் பேசுகிறார்கள். டக்கர் உடைகிறார். ஆனால் அவர்கள் கேட்டதற்காக அல்ல. நேரம் முடியப்போகிற தறுவாயில் அவர் ஒன்றைச் சொல்கிறார்: அந்தச் சிறுமியைத் தான் நேசித்ததாக. ஒரு கிழவன் ஒரு குழந்தைமேல் வைக்கக் கூடாத நேசம். தன் வாழ்க்கையிலேயே தான் மிகவும் நேசித்த ஜீவன் அவள்தான் என்கிறார். தொட்டதாகச் சொல்லவில்லை. கொன்றதாகச் சொல்லவே இல்லை. நேரம் முடிகிறது. வெளியே வந்ததும் பெம்பிள்டன், நீ சொன்னதுதான் சரி, இவன்தான் செய்திருக்கிறான் என்கிறான். இத்தனை நாளும் டக்கர்தான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த பேலிஸ், எனக்கு இப்போது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை என்கிறான்.

முடிந்தது. வேறு விடை கிடையாது. மூன்று வருடம் கழித்து 4ஆவது சீசனில் 'ரெக்வியம் ஃபார் அடீனா' என்று ஓர் எபிசோடு வந்து இந்தக் காயத்தை மறுபடி கீறிப் பார்க்கும். அப்போதும் வழக்கு தீராது.

இதைப் பார்த்த பலரிடம் நான் கேட்டிருக்கிறேன். சிலர் கருத்து எனக்கு மனப்பாடம்.

சட்டம் படித்த நண்பர் ஒருவர், டக்கர் குற்றவாளி என்பதில் தனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் நீதிமன்றத்தில் நிற்காது என்றார். அவருக்கு இந்த எபிசோடு ஆதாரத்துக்கும் உண்மைக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தைப் பற்றியது. கூட வேலை பார்த்தவர் ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு மணி நேரம் பார்த்தோம், கொலைகாரன் யார் என்று சொல்லாமல் முடித்தால் என்ன அர்த்தம் என்றார். அந்தக் கோபத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். போலீஸ் தொடர் பார்க்க உட்காருகிற எவருக்கும் ஒரு வாக்குறுதி கொடுக்கப்படுகிறது, கடைசியில் தெரிந்துவிடும் என்று. இங்கே அந்த வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. நாடகம் மாதிரி இருக்கிறது, வசனம் அதிகம் என்று சொன்னவர்களும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. பேச்சுதான் அங்கே சம்பவமே.

அக்காவின் கருத்து வேறு. அவள் ஆரம்பத்திலிருந்தே டிடெக்டிவ்களைப் பார்க்கவில்லை. "நீங்க எல்லாரும் கேள்வி கேக்கறவனையே பாக்கறீங்க. அந்தக் கெழவர் கைய பாரு. பொய் சொல்றவன் கை அப்படி இருக்காது" என்றாள். நானோ அதே கையைப் பார்த்துத்தான் குற்றவாளி என்று முடிவு செய்திருந்தேன். மேசைமேல் அந்தக் கை கிடந்த விதம் எனக்கு எதையோ மறைப்பதுபோல இருந்தது; அவளுக்கு அசந்துபோன கிழவரின் கையாக இருந்தது.

இந்தக் கை விஷயம் எனக்குள் வெகுநாள் கிடந்தது. பிறகு இன்னொரு தடவை பார்த்தபோது ஒரு வேலை செய்தேன். ஒரு தாளில் கோடு கிழித்து, அந்த அறைக்குள் புதிதாக என்ன ஆதாரம் வருகிறது என்று எழுத உட்கார்ந்தேன். கடைசியில் தாள் காலி. டிடெக்டிவ்கள் உள்ளே போகும்போது என்ன தெரியுமோ அதுதான் வெளியே வரும்போதும் தெரியும். ஒரு சாட்சி வரவில்லை, ஒரு பொருள் கிடைக்கவில்லை. இடையில் வந்தது ஒரு மனிதனின் குரலும் முகமும் மட்டும். அதைக் கொண்டு ஒருவன் சந்தேகத்திலிருந்து நிச்சயத்துக்குப் போகிறான், மற்றவன் நிச்சயத்திலிருந்து சந்தேகத்துக்கு வருகிறான். பார்க்கிற நாமும் அப்படித்தான். நான் இந்தப் பக்கம் போனேன், அக்கா அந்தப் பக்கம். அன்றிலிருந்து யாரிடமும் "அவன் செய்தானா?" என்று கேட்பதில்லை. "எந்த இடத்தில் உங்களுக்கு மனசு மாறியது?" என்றுதான் கேட்கிறேன். எல்லோரும் சரியாக ஓர் இடத்தைச் சொல்வார்கள். ஒரு பார்வை, ஒரு மௌனம், ஒரு வார்த்தையை அவர் முழுங்கிய விதம். அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும்.

சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். எதிரில் இருப்பவர் சொல்வது பொய்யா மெய்யா என்று மனிதர்கள் எவ்வளவு சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதுவரை நடந்த பல சோதனைகளைச் சேர்த்து, 24,000க்கும் மேற்பட்டவர்களின் தீர்ப்புகளைக் கணக்கிட்டார்கள். வந்த சராசரி 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். அக்காவும் நானும் அந்தக் கிழவரின் கையை வைத்து வருடக்கணக்காகச் சண்டை போட்டதை நினைத்துக்கொண்டேன்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த எபிசோடு எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது அதில்தான் இருக்கிறது.

எனக்கு அப்போது 19 வயது. ஹாஸ்டலில் அறை நண்பனின் கைக்கடிகாரம் காணாமல் போனது. அவன் அப்பா கொடுத்தது. வார்டன் எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். என்னை உட்கார வைத்தது மதியத்தில், விட்டது பொழுது சாயும் நேரத்தில். அவர் கத்தவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீ எடுத்தேன்னு நான் சொல்லலப்பா. எடுத்திருந்தா வெச்சிடு, யாருக்கும் தெரியாது" என்று தணிந்த குரலில் திரும்பத் திரும்பச் சொன்னார். மேசைமேல் கண்ணாடி போட்டிருந்தது. அதற்கு அடியில் ஏதோ கால அட்டவணை. அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையைக் கண்ணாடிமேல் வைத்திருந்தேன், எடுத்தபோது வியர்வையில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை நான் பார்த்தேன். சட்டென்று கையால் துடைத்துவிட்டேன்.

அந்தத் துடைப்பில் அவருக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை இன்றும் என்னால் பார்க்க முடிகிறது. தேடியது கிடைத்துவிட்ட நிம்மதி.

நான் எடுக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஆக ஆக எனக்குள் ஏற்பட்டது என்ன தெரியுமா? அவருக்குப் பிடித்த மாதிரி பதில் சொல்லிவிட்டால் எழுந்து போய்விடலாம் என்ற ஆசை. கடிகாரத்தை நான் எங்காவது மாற்றி வைத்திருப்பேனோ என்று எனக்கே ஒரு நொடி தோன்றியது. கடிகாரம் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த வருடம் முழுக்க என்னை அந்தக் கண்ணோடுதான் எல்லோரும் பார்த்தார்கள். முதல் தடவை டக்கரைப் பார்த்து "அவன்தான்" என்று நான் சொன்னபோது இது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். மேசைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறோமோ அந்தப் பக்கத்து நியாயம் ஒட்டிக்கொள்கிறது. கேமரா நம்மைப் பெரும்பாலும் டிடெக்டிவ் பக்கத்தில்தான் உட்கார வைக்கிறது.

தொடரின் முதல் எபிசோடிலேயே பெம்பிள்டன் தன் தொழிலைப் பற்றி பேலிஸுக்கு ஒன்று சொல்லிக்கொடுப்பான். விசாரணை என்பது விற்பனை. தான் விற்பது நீண்ட சிறைவாசம். வாங்குகிறவனுக்கு அந்தச் சரக்கு எதற்கும் உதவாது என்கிற பொருளில். அதைக் கேட்டபோது ரசித்தேன். பெம்பிள்டனாக நடித்த ஆண்ட்ரே ப்ராவர் அதைச் சொல்கிற கம்பீரம் அப்படி. டக்கரோடு அவன் பேசும்போது அதே விற்பனைதான் நடக்கிறது. ஹாஸ்டல் மேசை நினைவுக்கு வந்த பிறகு அந்த ரசனை எனக்கு வரவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966இல் மிராண்டா வழக்கில் சொன்னது எல்லோருக்கும் தெரியும்: காவலில் இருப்பவனிடம் கேள்வி கேட்கும் முன், பேசாமலிருக்கவும் வக்கீல் வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று சொல்லியாக வேண்டும். ஆனால் அதே நீதிமன்றம் 1969இல் ஃப்ரேஸியர் வழக்கில், போலீஸ் பொய் சொல்லி வாங்கியதாலேயே ஒரு வாக்குமூலம் செல்லாது என்றாகிவிடாது என்றும் தீர்ப்பளித்தது. பெட்டிக்குள் பெம்பிள்டன் செய்கிற பலவற்றுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

1993இல் இதை முதல்முறை பார்த்தவர்களுக்கும் இன்று பார்ப்பவர்களுக்கும் நடுவில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. 1989இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்ட வழக்கில், மணிக்கணக்கான விசாரணைக்குப் பிறகு பதின்வயதுப் பையன்கள் ஒப்புக்கொண்டார்கள். ஐந்து பேர் தண்டிக்கப்பட்டார்கள். 'த்ரீ மென் அண்ட் அடீனா' ஒளிபரப்பானபோது அந்தத் தீர்ப்பு நின்றுகொண்டிருந்தது. 2002இல் வேறொருவன் தானே முன்வந்து ஒப்புக்கொண்டான், டிஎன்ஏவும் அவனுடையதோடு பொருந்தியது, ஐவரின் தண்டனையும் ரத்தானது. செய்யாத குற்றத்தை யாராவது ஒப்புக்கொள்வானா என்ற கேள்வியை அதற்குப் பிறகு முன்புபோல அலட்சியமாகக் கேட்க முடியவில்லை. 2021இல் இல்லினாய், ஆரிகன் மாநிலங்கள் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை விசாரிக்கும்போது போலீஸ் பொய் சொல்வதைக் கட்டுப்படுத்திச் சட்டம் கொண்டுவந்தன. அன்றைக்கு "இன்னும் அரை மணி கிடைத்திருந்தால் உடைத்திருப்பார்கள்" என்று ஏங்கியவர்கள் இருந்தார்கள். சமீபத்தில் நான் போட்டுக் காட்டிய இளைஞர்கள் கேட்டது வேறு: "அவருக்கு ஏன் வக்கீல் இல்லை? ஏன் யாரும் நிறுத்தவில்லை?"

அந்த இளைஞர்கள் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை அவர்களும் சுலபமாகக் கடந்துவிட்டார்கள். விசாரணை முறை தவறு என்று சொல்லிவிட்டால் டக்கர் நல்லவராகிவிட மாட்டார். அவர் தன் வாயால் சொன்ன அந்த நேசம் இருக்கிறதே, அதை என்ன செய்வது? அதைக் கேட்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் கூசுகிறது. அதே நேரத்தில் அதைச் சொல்லும்போது டக்கராக நடித்த மோசஸ் கன்னின் குரலில் இருக்கிற துக்கம் பொய் இல்லை. ஒரு மனிதர் தன்னைப் பற்றிய ஆக மோசமான ஒன்றைத் தானே எடுத்து மேசைமேல் வைக்கிறார். இவ்வளவையும் சொன்னவர் அதையும் செய்திருந்தால் சொல்லியிருப்பாரே என்று பேலிஸுக்குத் தோன்றுகிறது. இவ்வளவையும் மனசில் வைத்திருந்தவர் அதையும் செய்திருப்பார் என்று பெம்பிள்டனுக்குத் தோன்றுகிறது. ஒரே வாக்குமூலம். ஃபோன்டானாவின் எழுத்தில் நான் வியப்பது இதைத்தான்: கேட்ட ஒப்புதலைக் கொடுக்காமல் கேட்காத ஒப்புதலைக் கொடுக்க வைத்தது.

மோசஸ் கன் அதே 1993 டிசம்பரில் காலமானார். 64 வயது. நாடக மேடையில் பல ஆண்டு நின்றவர். அந்தப் பயிற்சி முழுதும் இந்த அறையில் இருக்கிறது. இரண்டு பேர் மாறி மாறிக் குத்தும்போது அவர் சும்மா இருக்கிறார், அவ்வளவுதான். திருப்பி அடிக்கும்போது மட்டும் குறி தவறுவதில்லை. நீயும் கறுப்பன்தான், ஆனால் என் மாதிரி ஏழைக் கறுப்பனைக் கண்டால் வெட்கப்படுகிறவன் என்று பெம்பிள்டனிடம் சொல்கிறார். பேலிஸிடம், உனக்குள்ளே ஓர் இருட்டு இருக்கிறது, அதைக் கண்டு நீ பயப்படுகிறாய் என்கிறார். அந்த நொடியில் பேலிஸாக நடித்த கைல் செகோரின் முகத்தைப் பாருங்கள். பதில் இல்லை.

தொடரை முழுதாகப் பார்த்தவர்கள் இந்த இடத்துக்கு மறுபடி மறுபடி வருவார்கள். காரணம், 5ஆவது சீசனில் பேலிஸ் ஒரு விஷயத்தைச் சொல்வான்: குழந்தையாக இருந்தபோது அவனைச் சொந்த உறவினரே பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் இந்த அறை வேறாகிவிடுகிறது. அடீனாவுக்காக அவன் தூங்காமல் கிடந்ததற்கு வேறு பொருள் வருகிறது. டக்கர்தான் என்று அவன் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தான்? எழுதும்போதே இதைத் திட்டமிட்டார்களா என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது முக்கியமாகப்படவில்லை. கிழவர் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட வேண்டும் என்று துடிக்கிற ஒருவனுக்கு அந்தத் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். என் வார்டனுக்கும் ஏதாவது இருந்திருக்கும்.

இந்தக் கதைக்கு அடியில் ஒரு நிஜம் இருக்கிறது. டேவிட் சைமன் என்ற பத்திரிகையாளர் 1988ஆம் ஆண்டை பால்டிமோர் கொலைப் பிரிவோடு கழித்து, 1991இல் அதைப் புத்தகமாக எழுதினார். தொடர் அதிலிருந்து வந்தது. அந்த வருடம் 11 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். 'ஃபிஷ் மேன்' என்று அந்தப் புத்தகம் குறிப்பிடும் கடைக்காரர் ஒருவரைத் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். குற்றம் சாட்ட முடியவில்லை. வழக்கு தீரவில்லை. முடிவில்லாமல் முடிக்கிறார்களே என்று கோபப்பட்ட நண்பரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவங்க ஒரு முடிவு வெச்சிருந்தாதான் தப்பு" என்றார். ஒரு குழந்தையின் சாவுக்கு நிஜத்தில் கிடைக்காத விடையைத் திரைக்கதையில் செய்து ஒட்டினால் அது யாருக்குச் செய்கிற உதவி என்று நானும் நினைத்திருக்கிறேன்.

இந்த வருடம் அக்கா வந்திருந்தபோது மறுபடி போட்டோம். ஆண்ட்ரே ப்ராவர் 2023 டிசம்பரில் போய்விட்டார். அவர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போடும்போதே இரண்டு பேருக்கும் தொண்டை அடைத்தது. அக்கா இந்தத் தடவை அதிகம் பேசவில்லை. டக்கர் அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். திரையில் கிழவரின் முகம் அப்படியே உறைந்து நின்றது. அவர் கை மேசைமேல்.

"நான் இவ்ளோ வருஷமா இவர் கையையே பாத்துட்டு இருந்திருக்கேன்டா" என்றாள். "பேர்ல நாலு பேரு இருக்காங்க. மூணு ஆம்பள, ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணு எப்படிச் சிரிக்கும், என்ன பேசும், குதிரைய என்ன பேர் சொல்லிக் கூப்பிடும், எதாவது தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அவளைப் பற்றி அந்த அறையில் யாராவது பேசினால் அது எதிராளியை மடக்கத்தான். 12 மணி நேரத்தில் அவளை நேசித்ததாகச் சொன்ன ஒரே ஆள் டக்கர். அதுவும் அப்படிப்பட்ட நேசம்.

"இப்ப நீ என்ன சொல்ற? அவர் பண்ணாரா இல்லையா?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லாமல் ஓடவிட்டாள். கடைசிவரை பார்த்தோம். பெம்பிள்டன் நிச்சயமாகிறான், பேலிஸ் தடுமாறுகிறான், பெயர்கள் ஓடுகின்றன. அணைக்கலாமா என்று எழுந்தேன். "இரு" என்றாள். அந்த டிடெக்டிவ்கள் அலுவலகத்தில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை இருக்கும். வழக்கு தீர்ந்தால் செத்தவர் பெயர் கறுப்பில், தீராவிட்டால் சிவப்பில். அடுத்த எபிசோடைப் போடச் சொன்னாள். அந்தப் பலகைக்காகத்தான்.

எழுத்து எந்த நிறத்தில் இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் போட்டேன்.